அன்னம்மாளின் முதல் கவளம்

ஐப்பசி பிறந்துவிட்டால், யேசுதாஸ் தறிக்குழிக்குள் கால்களை இறக்குவதற்கு முன் ஒரு மூங்கில் குச்சியை விட்டு ஆழம் பார்ப்பார். குழியின் ஆழம் அவர் அறியாததன்று. மாமனார் வெட்டிக்கொடுத்த குழி அது. முழங்காலுக்குச் சற்று மேல்வரை வரும். இருபது ஆண்டுகளாக அதே குழியில் கால்களைத் தொங்கவிட்டு, மிதிகட்டைகளை மிதித்து, பட்டுச்சேலை நெய்துவருகிறார். ஆயினும், மழைக்காலத்தில் குழியின் அடியில் நீர் ஊறத் தொடங்கி, ஈரமண் வாடை எழுந்தவுடன், குச்சியை விட்டுப் பார்த்த பின்னரே உட்காருவார். சில நாட்களில் பார்த்த பின்னரும் உட்காரமாட்டார். அந்த நாட்களில்தான் குடிப்பார்.

இந்தக் கணக்கை முதலில் கண்டறிந்தவர் அவருடைய மனைவி அன்னம்மாள். கோர்வைச் சேலைக்கு ஒருவர் மட்டும் போதாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் நெய்பவரின் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து, ஒவ்வொரு இழைக்கும் கரைநூல் சுற்றிய சிறு மரக்கட்டையான நாடாவைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். யேசுதாஸின் வலப்பக்கத்தில் அவ்வாறு அமர்பவர் அன்னம்மாள். கணவரின் நாடா தம் கைக்கு வந்துசேரும் வேகத்தைக் கொண்டே அவருடைய மனநிலையை அறிந்துவிடுவார். வாடையை வைத்துக் குடியைக் கண்டுபிடிக்கும் பெண்கள் பலர். அன்னம்மாளோ கணவர் குடிக்கப்போவதை ஒரு நாள் முன்னதாகவே அறிவார். நாடா தயங்கித் தயங்கி வரும். மிதிகட்டை பாதியில் நிற்கும். யேசுதாஸ் குனிந்து குழிக்குள் பார்ப்பார்.

காஞ்சிபுரத்திலிருந்து திருப்பருத்திக்குன்றம் செல்லும் சாலையில் பிரியும் காலனி ஒன்றில் அவர்கள் வீடு இருக்கிறது. இருவருடைய முன்னோரும் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். மூன்று தலைமுறையாகக் கிறித்தவர்கள். யேசுதாஸ் ஆறாம் வகுப்பில் அரையாண்டு மட்டும் என்னிடம் படித்தார். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே வருகைப் பதிவேட்டில் அவருடைய பெயரை அடித்துவிட நேர்ந்தது. அதற்குரிய காரணத்தை அப்போது ஊரே அறிந்திருந்தது.

யேசுதாஸின் தந்தை சாமுவேல் கிணறு வெட்டுபவர். பாறை வரும்வரை அஞ்சாமல் இறங்குவார் என்று பெயர் எடுத்தவர். இறங்கும் முன்பும் குடிப்பார், ஏறிய பின்பும் குடிப்பார். அவருடைய தந்தையும் அப்படித்தான் இருந்தாராம். ஒருமுறை சாமுவேல் பத்து நாட்கள் வயிற்று வலியால் கிடந்தார். குடல் வெந்துபோயிருந்த காலம் அது. ஆனால் அவர், தம் மனைவி சோற்றில் எதையோ கலந்துவிட்டதாகச் சொன்னார். நம் பகுதியில் ஒரு பெண்ணின்மீது சுமத்தக்கூடிய மிகக் கொடிய பழி அதுவே. அந்த அம்மையாரின் தட்டைத் தெருவில் வீசி, அவரையும் வெளியே தள்ளினார். தாய் தம் தமக்கை வீட்டுக்குச் சென்று, ஓராண்டுக்குள் இறந்துபோனார். அப்போது யேசுதாஸுக்கு வயது பத்து. அண்ணன் ஜோசுவாவுக்குப் பதினைந்து.

அதன்பின் இரண்டாண்டுகளில் மாகறலுக்கு அப்பால், ஆற்றை ஒட்டிய ஒரு வயலில், கிணற்றை ஆழப்படுத்தும் வேலை வந்தது. சாமுவேல் இறங்க வேண்டிய நாளில் ஜோசுவா இறங்கினார். மேலே கூடை இழுக்க யேசுதாஸ் நின்றார். முற்பகலில் மண் சரிந்தது. ஜோசுவாவின் உடலை வெளியே எடுக்க மாலை ஆயிற்று. சாமுவேல் அதற்குப் பின் வேலைக்குப் போகவில்லை; நான்கு ஆண்டுகள் குடித்தே இறந்தார். யேசுதாஸ் பள்ளிக்கு வரவில்லை. உறவினர் ஒருவர் அவரைப் பட்டுத்தறியில் சேர்த்துவிட்டார். அந்தக் கிணற்றைப் பற்றி அவர் மனைவியிடம்கூட ஒரு சொல் பேசியதில்லை. திருமணமான புதிதில் ஒருமுறை அன்னம்மாள் கேட்டபோது, எழுந்து சென்று மூன்று நாட்கள் கழித்துத் திரும்பினார். அதன்பின் அன்னம்மாள் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு, அவர்களுடைய ஒரே மகள் ஷாரோனுக்குப் பதினாறு வயது. அவ்வாண்டு நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், வளர்ந்த பிள்ளைகள் தம் விசுவாசத்தைத் தாமே உறுதிசெய்யும் திடப்படுத்தல் ஆராதனை நிகழவிருந்தது. திடப்படுத்தல் பெற்ற பிள்ளை அன்றுதான் முதன்முறையாகத் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் பெறும். பெற்றோர் அருகில் முழந்தாளிட்டுத் தாமும் பெறுவது வழக்கம். யேசுதாஸ் பதினோராண்டுகளாகத் திருவிருந்தை ஏற்றதில்லை. அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவார். தகுதியின்றி அந்தப் பாத்திரத்திலிருந்து பருகுபவன் தனக்கே தண்டனையைப் பருகுகிறான் என்பது அவர்களுடைய நம்பிக்கை. தமக்கு அந்தத் தகுதி இல்லை என்று அவர் எண்ணியிருந்தார். குடியினால்தான் அப்படி எண்ணுகிறார் என்று எல்லாரும் கருதினார்கள்.

மகள் ஒரு நாள் நேராகக் கேட்டுவிட்டாள்.

“நீ என் பக்கத்துல முட்டி போடுவியாப்பா, மாட்டியா? மாட்டேன்னா இப்பவே சொல்லிடு. நான் பேரை வாபஸ் வாங்கிக்கறேன்.”

யேசுதாஸ் அன்று முதல் குடியை நிறுத்தினார். இருபது நாட்கள் தொடாமல் இருந்தார். ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குழியில் நீர் ஊறியது. நாடா தயங்கத் தொடங்கியதை அன்னம்மாள் கண்டார். ஆராதனைக்கு இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன. அந்த ஒன்பது நாட்களில் கணவர் குடித்துவிட்டால் மகள் ஊர் முன்னிலையில் தனியாக முழந்தாளிட நேருமே என்ற அச்சம் அவரை ஆட்டியது. உறவுக்காரி ஒருத்தி ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னாள். பொடித்துக் குழம்பில் கலந்துவிட்டால் குடியின்மீது தானாகவே வெறுப்பு வந்துவிடும் என்றாள். ஒரு மருந்துக்கடையில் கேட்டார், மருத்துவர் சீட்டில்லாமலே கொடுத்தார்கள். ஒன்பது இரவுகளும் அன்னம்மாள் அம்மிக்கல்லின் ஓரத்தில் ஒரு மாத்திரையை நுணுக்கி, கணவரின் குழம்பில் மட்டும் கலந்தார். ஒவ்வொரு முறையும் மாமியாரின் தட்டு தெருவில் உருண்ட கதை நினைவுக்கு வந்ததாம். ஆனாலும் கலந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் வரிசையில் சென்றனர். நடுவில் ஷாரோன், இருபுறமும் பெற்றோர். யேசுதாஸ் அப்பத்தைப் பெற்றார். பாத்திரம் வந்தது. கண்களை மூடிக்கொண்டு ஒரு வாய் நன்றாகவே பருகினார். அந்த ஆலயத்தில் திராட்சரசம் வீட்டில் ஊறவைத்துத் தயாரிப்பது, சற்று வீரியமானது.

இருக்கைக்குத் திரும்பிச் சிறிது நேரத்தில் அவருடைய கழுத்து சிவந்தது. பின்பு முகம், பின்பு கண்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. தூணைப் பற்றியபடி வெளியே வந்து, வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தார். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கவித்துக்கொண்டார்; மேலிருந்து ஏதோ விழப்போவதைப் போல. ஆலய வாயிலில் நின்ற ஒருவர், “ராத்திரி போட்டது இன்னும் எறங்கல போல இருக்குதுபா” என்றார். இன்னொருவர் சிரித்தார். ஷாரோன் வெள்ளை முக்காட்டுடன் படிக்கட்டில் நின்று அதைக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்த யேசுதாஸ் மனைவியைப் பார்க்கவில்லை. “எனக்குத் தீர்ப்பு ஆயிடுச்சு. இனிமே என்னை ஒண்ணும் கேக்காதீங்க” என்று மட்டும் சொன்னார். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாட்களும் சோறு உண்ணவில்லை. தண்ணீரும் தேநீருமே குடித்தார். தறியில் அமரவில்லை. திறந்த கண்களுடன் சுவரோரம் படுத்திருந்தார். வெளியே ஒரு பாத்திரம் விழுந்தாலும் துள்ளி எழுந்தார். அன்னம்மாளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தாம் கலந்ததற்கும் ஆலயத்தில் நிகழ்ந்ததற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் செவ்வாய்க்கிழமை மாலையில்தான் முளைத்தது. அதன்பின் அவருக்கும் உறக்கம் இல்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த மாத்திரை அட்டையையும், மடித்து வைத்திருந்த துண்டுத்தாளையும் எடுத்து நீட்டினார்.

“இதுல இன்னா எழுதி இருக்குதுன்னு கொஞ்சம் பாரு சார். ஷாரோன் கிட்ட காட்ட பயமா இருக்குது.”

எழுத்துகள் மிகவும் சிறியவை. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தேன். மதுவைச் சார்ந்திருப்போருக்கான மாத்திரை. மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே தரவேண்டும். நோயாளி அறியாமல் ஒருபோதும் தரக்கூடாது. உடலில் இது இருக்கும்போது மது சேர்ந்தால் முகம் சிவத்தல், வாந்தி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சில வேளைகளில் மரணம். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். “மது சேர்ந்தால்” என்ற இடத்தில் அன்னம்மாள் என்னைத் தடுத்தார்.

“அவரு குடிக்கவே இல்லையே சார். முப்பது நாளுக்கு மேல ஆச்சு, ஒரு சொட்டு தொடல.”

நான் திருவிருந்துப் பாத்திரத்தை நினைவூட்டினேன்.

“அது சாராயமா சார்? அது ஆண்டவரோட ரத்தம் சார்.”

அந்தப் பாத்திரத்தில் இருப்பதும் மதுவே என்ற எண்ணம் அவருக்கு ஒரு கணமும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் சனிக்கிழமை இரவு மாத்திரையை நுணுக்கியிருக்கமாட்டார்.

மழையினால் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஷாரோனைத் தந்தைக்குத் துணையாக வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, அன்னம்மாளும் நானும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றோம். மருத்துவர் ஸிந்துஜா சின்னக் காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர். வயது முப்பத்தைந்து இருக்கலாம். அட்டையைக் கண்டதும் அவர் முதலில் கேட்டது, கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதே. சனிக்கிழமை இரவு என்றார் அன்னம்மாள்.

“அப்போ இன்னும் பத்து நாளைக்கு அது உடம்புல இருக்கும்மா. ஒரு வாய் திராட்சரசத்துக்கு முகம் சிவக்கும், படபடப்பு வரும், சிலருக்கு வாந்தியும் வரும். மத்ததெல்லாம் அவரோட பயம். ஆனா இப்ப அவர் ஒரு குவார்ட்டர் குடிச்சார்னா கதையே வேற. ரத்த அழுத்தம் விழுந்துடும். இதயம் நின்னுகூடப் போகலாம். இன்னைக்கே அவர்கிட்ட சொல்லிடுங்க.”

அன்னம்மாள் தலையை அசைத்தார். சொல்ல முடியாது என்றார். ஏன் என்று மருத்துவர் கேட்டபோது மாமியாரின் கதையைச் சொன்னார். சாமுவேலின் குடி, அவருடைய தந்தையின் குடி, ஜோசுவா இறந்த கிணறு, மழை, குச்சி, தறிக்குழி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மருத்துவர் ஒரு தாளில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமுமாக வரைந்துகொண்டே கேட்டார். குடித்தவர்களின் சதுரங்களை மையால் நிரப்பினார். மேலிருந்து கீழே மூன்று சதுரங்கள் கறுப்பாயின. யேசுதாஸின் சதுரத்துக்கு அருகே மட்டும் சிறிய கிணறு ஒன்றையும் வரைந்தார்.

தூக்கத்தில் கத்துவாரா, மண்வாடை வந்தால் என்ன செய்வார், யாராவது பின்னாலிருந்து தொட்டால் எப்படித் திரும்புவார், அந்த இடத்தின் பக்கம் போவதுண்டா என்று கேட்டார். மாகறல் வழியாகச் செல்லும் பேருந்தில்கூட ஏறமாட்டார் என்றார் அன்னம்மாள். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார்.

“குடிக்கிற வீட்ல பொறந்தவங்களுக்குக் குடி சீக்கிரம் பிடிச்சுக்கும்மா. அது எல்லாரையும் பிடிக்கணும்னு இல்ல. அந்த மாதிரி சாவைக் கண்ணால பாத்தவங்களுக்கு, அது முடிஞ்சு போனதாவே தெரியாது. இப்பத்தான் நடக்கற மாதிரி இருக்கும். அந்தப் பயத்தை அமுக்கறதுக்குக் கைக்கு எட்டறதைக் குடிப்பாங்க. இவருக்கு ரெண்டும் சேந்திருக்கு. இது நோய். மருந்து இருக்கு. ஆனா தெரிஞ்சு சாப்பிடணும்.”

தாமே நேரில் வந்து சொல்லவா என்றும் கேட்டார். வேறொருவர் வாயால் கேட்டால் தம் கணவர் இன்னும் மோசமாக எடுத்துக்கொள்வார் என்றார் அன்னம்மாள். “நானேதான் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

நாங்கள் வெளியே வந்தபோது மணி பதினொன்று நாற்பது. ஷாரோனிடமிருந்து தொலைபேசி வந்தது. அன்னம்மாள் ஒலிபெருக்கியை அழுத்தி எனக்கும் கேட்குமாறு பிடித்தார்.

“அம்மா, அப்பா வெளிய கிளம்பிட்டாரு. குடை எடுக்கல. எங்கன்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாரு.”

மதுக்கடை பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். இதனை எவரும் எவருக்கும் நினைவூட்டத் தேவையிருக்கவில்லை. ஆட்டோ ஒன்றைப் பிடித்தோம். சாலையில் கணுக்கால் அளவு நீர். சிக்னலில் நின்றோம், ஒரு லாரியின் பின்னால் நின்றோம். அன்னம்மாள் முன்கம்பியைப் பிடித்திருந்த விதத்தைக் கண்டு, “இன்னாமா, யாருக்காவது சீரியஸா?” என்று ஓட்டுநர் கேட்டார். ஆம் என்றேன். மதுக்கடை வாசலில் இறங்கிப் பார்த்தோம். வரிசையில் யேசுதாஸ் இல்லை. வாங்கிக்கொண்டு இப்போதுதான் போனார் என்று ஒருவர் சொன்னார். மணி பன்னிரண்டு பத்து.

வீட்டில் அவர் தறியின் உட்காரும் பலகைமீது இருந்தார். கால்கள் குழிக்குள் இல்லை. மடக்கி மேலே வைத்திருந்தார். சட்டையிலிருந்து நீர் வடிந்து, நெய்து முடிந்த முந்தியின்மீது சொட்டியது. சேலை நனைவதைப் பார்த்தும் யேசுதாஸ் அசையாமல் இருந்ததை நான் அன்றுதான் கண்டேன். மடியில் புட்டி, மூடி திருகப்பட்டிருந்தது. கண்ணாடித் தம்ளரில் ஊற்றியும் ஆகியிருந்தது. அறையின் மூலையில் ஷாரோன் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். நான் வாசற்படியைத் தாண்டவில்லை.

அன்னம்மாள் உள்ளே சென்று, எப்போதும் தாம் அமரும் இடத்தில், கணவரின் வலப்பக்கத்தில் அமர்ந்தார்.

“அத்த குடிக்காதய்யா. குடிச்சா செத்துப்பூடுவ.”

“சாவட்டும். தீர்ப்பு ஆனவன் எப்ப செத்தா இன்னா?”

“தீர்ப்பு இல்லய்யா. நான்தான்.”

யேசுதாஸ் திரும்பிப் பார்த்தார்.

“உன் கொழம்புல மாத்தர கலந்தேன். ஒம்பது நாளு. நீ குடிக்காம இருக்கணும்னு கலந்தேன். சர்ச்சுல குடுக்கறது அதோட சேந்தா இப்படி ஆவும்னு எனக்குத் தெரியாது. இன்னும் உன் உடம்புல இருக்குது. டாக்டரம்மா சொன்னாங்க. இப்ப குடிச்சா நெஞ்சு நின்னுடும்.”

யேசுதாஸின் முகத்திலிருந்து என்னால் எதையும் அறிய முடியவில்லை. அவருடைய வலக்கை தம்ளரை இறுகப் பிடித்தது. அன்னம்மாள் விலகவில்லை, ஆனால் கண்களை மூடிக்கொண்டார். அடி விழும் என்றே எண்ணினார் என்று பின்னர் சொன்னார். அடியைவிட, கணவர் ஒன்றும் சொல்லாமல் அந்தத் தம்ளரை வாயில் கவிழ்த்துவிடுவாரோ என்றே அதிகமாக அஞ்சினாராம்.

“எங்கம்மா மாதிரியா?” என்றார் யேசுதாஸ்.

“உங்கம்மா ஒண்ணும் கலக்கல. நான்தான் கலந்தேன்.”

பிறகு யேசுதாஸ் குழந்தையைப் போலக் கேட்டார்.

“அப்போ... அன்னிக்கு வந்தது ஆண்டவர் இல்லையா?”

“இல்லய்யா.”

“மாத்தரதானா?”

“மாத்தரதான்.”

அவருடைய பிடி தளர்ந்தது. தம்ளர் சரிந்து பாதி மது பலகையில் கொட்டியது. ஷாரோன் ஓடிவந்து தம்ளரையும் புட்டியையும் பிடுங்கிச் சென்று, வாசலில் ஓடிய மழைநீரில் கவிழ்த்தாள். யேசுதாஸ் தடுக்கவில்லை. மகளிடமோ மனைவியிடமோ என்னிடமோ சொல்லாமல், குழியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

கிணற்று வேலையில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே ஆள் இறங்கியபின், மேலே வரும்வரை, விளிம்பில் நிற்பவர்கள் சரிவு, விழுதல், உடைதல் போன்ற சொற்களை வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் அது நடந்துவிடும் என்பது அவர்களுடைய அச்சம். மண் சரிந்ததற்கு முந்தைய நாள், கூடை சாய்வதைப் பார்த்து, “சரியுது” என்று கத்தினான் சிறுவன் யேசுதாஸ். மேலே ஏறிவந்த சாமுவேல் வாயிலேயே அடித்தார். பல் ஒன்று உடைந்தது. மறுநாள் காலையில் சாமுவேலின் கைகள் குடியினால் நடுங்கிக்கொண்டிருந்தன. அதனால் ஜோசுவா இறங்கினார். அப்போது விளிம்பு மண்ணில், தன் காலடிக்கு அருகில், ஒரு முழம் நீளத்துக்கு வெடிப்பு இருந்ததைச் சிறுவன் பார்த்தான். நாக்கால் உடைந்த பல்லைத் தடவிக்கொண்டே நின்றான்.

“நான் பாத்தேன். காலைலயே பாத்தேன். வாயத் தெறக்கல.”

முப்பத்து மூன்று ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாததை அவர் சொன்னது இவ்வளவே. தகுதியில்லை என்று பதினோராண்டுகள் ஆலயத்தை விட்டு எழுந்து போனது இதனால்தான், குடியினால் அன்று. அன்னம்மாள் கையை நீட்டித் தொட முயன்றார். யேசுதாஸ் விலகிக்கொண்டார். எழுந்து நின்று, “உன் கையால இனி நான் துன்ன மாட்டேன்” என்றார்.

மறுநாள் அவர் மருத்துவமனைக்கு வந்தார். இதயத்துக்கு ஒன்றும் நேரவில்லை என்று சோதித்துச் சொன்னார்கள். வாரம் ஒருமுறை மருத்துவர் ஸிந்துஜாவிடம் சென்று, அந்தக் கிணற்றைப் பற்றிச் சிறிது சிறிதாகப் பேச வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இரவில் உறங்குவதற்கும் அச்சம் தணிவதற்கும் வேறு மாத்திரைகள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றின் பெயரையும் பயனையும் கேட்டறிந்த பின்னரே யேசுதாஸ் விழுங்கினார். முதல் மூன்று வாரங்களும் பேச்சு முடிந்து வீடு திரும்பும் நாட்களில் முன்பைவிட மோசமாக இருந்தார். கார்த்திகையில் ஒரு நாள் குடித்தும் விட்டார். அன்னம்மாள் நாள்காட்டியில் நாட்களை எண்ணி, பழைய மாத்திரையின் வீரியம் முடிந்துவிட்டது என்று அறிந்திருந்தும், விடியும்வரை கணவரின் மூக்கருகே கை வைத்துப் பார்த்தபடி இருந்தார். மறுநாள் யேசுதாஸே சென்று மருத்துவரிடம் சொன்னார்.

ஆயர் ஒருமுறை வீட்டுக்கு வந்து, இனி அப்பத்தை மட்டும் பெற்றால் போதும் என்றார். அவ்வாறே பெறுகிறார். பாத்திரம் அருகில் வரும்போது தலையைக் குனிந்து அதனைக் கடந்துபோக விடுகிறார். அந்த நேரத்தில் ஷாரோன் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஆனால் மனைவியின் கையால் அவர் உண்ணவில்லை. முதலில் கடையில் பன்னும் தேநீரும். பின்பு ஷாரோன் பள்ளிக்குப் போகுமுன் பொங்கிவைத்த சோறு. நெசவு மட்டும் நடந்தது. கோர்வைக்கு இருவர் வேண்டுமாதலால் இருவரும் ஒரே பலகையில் அருகருகே அமர்ந்தனர், நாடா போய் வந்தது, பேச்சு இல்லை. ஷாரோனுக்குத் தேர்வு நெருங்கியபோது அன்னம்மாள் ஒரு நாள் தாமே சமைத்தார். கணவரின் தட்டில் சோறும் குழம்பும் இட்டு, எதிரில் உட்கார்ந்து, அந்தத் தட்டிலிருந்தே ஒரு கவளம் பிசைந்து தாம் முதலில் உண்டார். பின்பு தட்டை நகர்த்தினார். யேசுதாஸ் வெகுநேரம் அவரைப் பார்த்திருந்துவிட்டு உண்டார். எவரும் கேட்காமலே, அன்று முதல் ஒவ்வொரு வேளையும் அன்னம்மாள் அவ்வாறே செய்தார்.

டிசம்பரில் புயல்மழை வந்தது. தறிக்குழியில் கணுக்கால் அளவு நீர் ஏறியது. இருவரும் செம்பால் மொண்டு வெளியே ஊற்றினார்கள். யேசுதாஸ் திடீரென நிறுத்தினார். முகம் சாம்பல் நிறமாயிற்று. அன்னம்மாள் அமர்ந்திருந்த பக்கத்துக் குழிவிளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தது, ஒலி வரவில்லை. அன்னம்மாள் அஞ்சினார், நாடா தயங்குவதைக் கண்ட பழைய நாட்களின் அச்சம். யேசுதாஸ் மூச்சை இழுத்தார்.

“அன்னம். உன் பக்கம் மண்ணு வெடிச்சி இருக்குது. எழுந்து இப்படி வா.”

அன்னம்மாள் எழுந்து வந்தார். முழங்கால் அளவுக் குழி. சரிந்தாலும் எவருக்கும் ஒன்றும் ஆகியிராது. ஆயினும் இருவரும் கைகளைப் பிடித்துக்கொண்டு அந்த வெடிப்பைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு யேசுதாஸ் செங்கல் எடுத்துவந்து விளிம்பை அடைத்தார்.

அன்று பிற்பகல் உணவு வேளையில், வழக்கம்போல அன்னம்மாள் கணவரின் தட்டிலிருந்து முதல் கவளத்தை எடுத்து உண்டார். யேசுதாஸ் சிறிது நேரம் காத்திருந்தார்.

“இன்னா, இன்னும் உசுரோடதான் இருக்கறியா?”

கிணற்றைப் பற்றிச் சொன்ன நாளுக்குப் பின் அவர் பேசிய முதல் வேடிக்கை அது. அன்னம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“உப்பு கம்மிய்யா” என்றார்.

யேசுதாஸ் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, உப்புக் கிண்ணத்துக்காகக் கையை நீட்டினார். அன்னம்மாள் கிண்ணத்தை எடுத்துக்கொடுத்தார், தாம் போடவில்லை.

மறுநாளும் முதல் கவளத்தை அன்னம்மாளே உண்டார்.